தகரக் கதவுக்கு இரண்டு சாவி

வாசல் கதவைச் சாத்தி வைக்கலாம் என்று சொன்னது ரமிளாபென்தான். அதை அவள் பிற்பாடு மறுக்கவில்லை. மறுத்திருந்தால் போபட்போளின் அத்தனை வீட்டுக்காரர்களும் சாட்சி சொல்ல வரிசையில் வந்து நின்றிருப்பார்கள்.

அகமதாபாத்தின் பழைய நகரத்தில் போள் என்றால் ஒரு பெரிய மரவாசல், அதற்குள் ஒரு சந்து, சந்தின் இரண்டு பக்கமும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் வீடுகள். வாசல் என்று பெயரே தவிர, கலவரக் காலங்கள் போனபிறகு யாரும் அதைச் சாத்துவதில்லை. போபட்போளின் கதவுகளும் சுவரோடு சுவராகக் கிடந்து, சைக்கிள் சாய்த்து வைக்கவும் தேர்தல் சுவரொட்டி ஒட்டவும் பயன்பட்டுக்கொண்டிருந்தன. ரமிளாபென்தான் தச்சரைக் கூட்டிவந்து அவற்றைச் சீராக்கி, எண்ணெய் பூசி, பித்தளைக் குமிழ்களைப் புளி போட்டுத் தேய்க்க வைத்தாள். அவ்வளவு தேய்த்த குமிழ்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்கு லாபம்?

"அவங்க வந்து நிக்கும்போது கதவு மூடியிருக்கணும்," என்றாள் அன்று காலை. "அப்புறம் ரெண்டு பக்கமும் மெதுவா திறக்கணும். உள்ள ரங்கோலி, பூ, விளக்கு. பாக்கிறவங்க வாயப் பொளக்கணும்."

"ராத்திரி பூரா மழை, ரமிளா," என்றார் அவள் கணவர் ஜஸ்வந்த்பாய். "மரம் தண்ணி குடிச்சிருக்கும். சும்மா கிடக்கிற கதவ எதுக்குச் சீண்டுற?"

"பேங்க்ல நோட்டுக் கட்டினவருக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும்? நீங்க போய் விளக்குக்கு எண்ணெய் ஊத்துங்க."

ஜஸ்வந்த்பாய் எண்ணெய் ஊற்றப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படித்தான். சரியானதைச் சொல்வார், ஒரே ஒரு தடவை சொல்வார்.

ஆண்கள் சேர்ந்து தள்ள, கதவுகள் முனகிக்கொண்டே வந்து நடுவில் பொருந்தின. உட்பக்கம் ஒரு தாழ்மரம் உண்டு. ஆள் தொடை கனம். அதைச் சுவர்த் துளைக்குள் செலுத்தியபோது எல்லாரும் கைதட்டினார்கள். சரி, ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வோம் என்று இழுத்தபோதுதான் தெரிந்தது, தாழ்மரம் வரமாட்டேன் என்கிறது. ஈரச் சுவருக்குள் ஈர மரம் ஊதி இறுகிக்கொண்டுவிட்டது. கதவிலேயே ஓர் ஆள் நுழையும் திட்டிவாசல் இருக்கிறது. ஆனால் தாழ்மரம் அதற்கும் குறுக்கே போகிறது. இழுத்தார்கள், உதைத்தார்கள், சுத்தியால் தட்டினார்கள், அனுமாரை வேண்டிக்கொண்டார்கள். போபட்போள் தன்னைத்தானே பூட்டிக்கொண்டுவிட்டது.

ஜஸ்வந்த்பாய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் ரமிளாவுக்கு எரிச்சலாக இருந்தது.

வரப்போகிறவர்கள் சாதாரண விருந்தாளிகள் அல்ல. பழைய நகரத்தைப் பார்க்க வருகிறவர்களைத் தினமும் காலையில் கால்நடையாகக் கூட்டிப்போகும் நடைக் குழு அது. அவர்கள் காட்டிவந்த ஒரு பழைய வீடு போன வருடம் இடிந்துவிட்டதால், நடையில் ஓர் இடம் காலியாக இருந்தது. கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு: போபட்போள், அதற்கு முதுகு காட்டிக்கொண்டிருக்கும் ஆம்லிபோள். இன்று இரண்டையும் பார்த்து இன்றே முடிவு. நடையில் சேர்ந்த இடத்தின் வாசலில் மாட்டும் நீலப் பீங்கான் பூச்சுப் பலகை ஒன்றைக் குழுத் தலைவி பெரின்பென் பையில் கையோடு கொண்டுவருவாள். பிடித்த இடத்தில் கொடுத்துவிட்டுப் போவாள்.

ஆம்லிபோளுக்கு அது கௌரவம். போபட்போளுக்கு உயிர். ஏனென்றால் போபட்போளின் நடுவில் நிற்கும் மூன்று மாடிப் பழைய மாளிகை, ஹவேலி என்பார்கள், போளுக்குச் சொந்தமில்லை. மும்பைக்குப் போய்விட்ட சினுபாய் சேட்டுக்குச் சொந்தம். அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நடையில சேத்தாங்கன்னா ஹவேலிய உங்க போளுக்கே எழுதித் தர்றேன். சேக்கலைன்னா, தீபாவளிக்கு அப்புறம் கிரண்சேட்டுக்கு." கிரண்சேட் பிளாஸ்டிக் வாளி மொத்த வியாபாரி. சுற்றுவட்டாரத்தில் நாலு ஹவேலிகளை வாங்கி, மர வேலைப்பாடுகளைப் பெயர்த்து விற்றுவிட்டு, உள்ளே வாளி அடுக்கிவிட்டார்.

இதற்காகப் போராடிய ரமிளாபென்னுக்குச் சரித்திரத்தில் பெரிய ஈடுபாடு இருந்ததாக நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் அவள் தோற்றதே அந்தப் பாடத்தில்தான். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த இருட்டுச் சந்தைப் பார்த்து அழுதவள். ஓரகத்தி, நாத்தனார் எல்லாரும் ஆற்றுக்கு அந்தப்பக்கம் லிஃப்ட் வைத்த வீடுகளுக்குப் போனபோது இவளும் போகத்தான் ஆசைப்பட்டாள். போக முடியவில்லை. அவள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தப் பாழடைந்த ஹவேலி; அதிலிருந்து வந்த புறா எச்ச நாற்றம் பருப்பில்கூட ஏறியது. ஒருநாள் கோபம் தலைக்கேறி, சாவியை வாங்கி, வாளியும் துடைப்பமுமாக உள்ளே போனாள். கழுவிக்கொண்டே வந்தவள் ஒரு தூணின் தலைப்பைத் தேய்த்தபோது எச்சத்துக்கு அடியிலிருந்து ஒரு வளைந்த அலகு வெளிப்பட்டது. பிறகு ஒரு கண். பிறகு இறக்கை. கிளி.

போபட் என்றால் கிளி. ஆனாலும் போபட்லால் என்று யாரோ ஒருவர் கட்டிய போள் என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று ராத்திரி ரமிளாவுக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த தூணிலும் கிளி இருக்குமா என்பதே யோசனை. இருந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆறு வருடத்தில் அந்தப் பிடிவாதம் போள் முழுக்கத் தொற்றி, ஆளுக்கொரு தூண், வீட்டுக்கொரு மாடம் என்று ஹவேலி எழுந்து நின்றுவிட்டது. அவரவர் வீட்டுப் பழைய தொட்டிலையும் தாமிரப் பானையையும் கொண்டுவந்து வைத்து, ஒரு சின்ன அருங்காட்சியகமும் ஆக்கிவிட்டார்கள்.

இப்போது அத்தனையும் உள்ளே. குழு வெளியே.

கைபேசி அடித்தது. பெரின்பென்.

"ரமிளாபென்? உங்க வாசல் சாத்தியிருக்காமே. பிபின்பாய் சொல்றாரு."

பிபின்பாய் ஆம்லிபோளின் தலைவர். அவர் சொல்லாமல் இருந்தால்தான் அதிசயம்.

"திறந்திருவோம் பெரின்பென். கொஞ்சம் மரம்..."

"எனக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும். இங்க டீயும் தேப்ளா ரொட்டியும் முடியிற வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள திறந்தா வர்றேன். இல்லேன்னா இங்கயே முடிச்சுக்கிறேன். கோவிச்சுக்காத."

கதவுக்கு வெளியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. கிரண்சேட் வேடிக்கை பார்க்க வந்திருந்தார், இடுப்பில் அளவு டேப்போடு. "கஷ்டப்படாதீங்க ரமிளாபென்! அப்படியே விட்டுருங்க. தீபாவளிக்கு அப்புறம் நானே உடைச்சுத் திறந்துக்கிறேன்!"

உள்ளே நின்றவர்களில் பாதிப் பேர் தலையைத் தொங்கப்போட்டார்கள். ரமிளா மட்டும் தலையை நிமிர்த்தினாள். நிமிர்த்தியபோது மேலே மொட்டைமாடிகள் தெரிந்தன.

இந்த ஊர்க்காரர்களுக்குத் தெருவைவிட மாடி பழக்கம். தை மாதம் உத்தராயண நாளில் ஊரே மாடியில்தான் குடியிருக்கும். விடியலிலிருந்து இருட்டும் வரை பட்டம். கூரைக்குக் கூரை தாவி, தரையில் கால் வைக்காமல் ஒரு போளிலிருந்து அடுத்த போளுக்குப் போய்விடலாம். போபட்போளிலிருந்து ஆம்லிபோளுக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள், பிபின்பாய் நடுவில் தகரக் கதவு போட்டுப் பூட்டும் வரை.

அந்தக் கதை சின்னது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஓர் உத்தராயணத்தில் பிபின்பாயின் புது மாப்பிள்ளை சூரத்திலிருந்து வந்திருந்தார். மாமனார் பட்டத்தை ஏற்றினார், ரமிளா அறுத்தாள். இன்னொன்று ஏற்றினார், அதையும் அறுத்தாள். ஒவ்வொன்றுக்கும் போபட்போள் மாடியே "அறுந்துச்சு! அறுந்துச்சு!" என்று கூவித் தட்டில் கரண்டியால் அடித்தது. சாயங்காலத்துக்குள் பிபின்பாயிடம் பட்டமும் இல்லை, முகத்தில் ஈயும் ஆடவில்லை. மறுநாளே ஆள் வைத்துத் தகரம் அடித்தார். பூட்டின சாவியைப் பாலத்தின்மேல் நின்று சபர்மதியில் எறிந்துவிட்டு வந்ததாக ஊரெல்லாம் சொன்னார்.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பூட்டு வாங்கினால் இரண்டு சாவி தருவார்கள். இன்னொன்று அவர் மனைவி தருபென்னின் முந்தானை முடிச்சில் இருந்தது. போளில் பிறந்தவர்களுக்குக் கிண்ணம் மாற்றாமல் பொழுது போகாது. இந்த வீட்டுக் குழம்பு அந்த வீட்டுக்குப் போகும், கிண்ணம் காலியாகத் திரும்பக் கூடாது என்பதால் அந்த வீட்டுப் பலகாரம் இந்த வீட்டுக்கு வரும், முடிவே கிடையாது. பிபின்பாய் மதியம் குறட்டை விடும் நேரத்தில் அந்தத் தகரக் கதவு ஒரு கை நீளத்துக்குத் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தது, பன்னிரண்டு வருடமாக.

ரமிளா ஏணியில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டாள்: தருவின் சாவியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. ஹவேலி பெரிதுதான். அதற்காக இன்னொருத்தி குடும்பத்தில் சண்டை மூட்ட முடியாது. பிபின்பாயிடம் நேராகக் கேட்பது. காலில் விழச் சொன்னால் விழுவது.

போகிற வழியில் ஒரு வீட்டுக் கொடியடியில் காய்ந்துகொண்டிருந்த பித்தளைத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டாள். தகரக் கதவின் முன் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு அடித்தாள். அந்தப்பக்கம் கீழே பேச்சு நின்றது. இன்னும் பலமாக அடித்தாள்.

"இது என்ன சத்தம் பிபின்பாய்? தீப்பிடிச்சிருச்சா?" பெரின்பென்னின் குரல் படிக்கட்டில் ஏறி வந்தது.

"ஒண்ணுமில்ல பெரின்பென். அந்தப் போள்ல அப்பப்ப இப்படித்தான். தலை சரியில்லாதவங்க ஒண்ணு ரெண்டு பேரு. நீங்க உக்காந்து சாப்பிடுங்க."

"தட்டு அடிச்சா எங்கயோ பட்டம் அறுந்திருக்குன்னு அர்த்தம். ஆவணி மாசத்துல எவன் பட்டம் விடுறான்? பாக்காம போக மாட்டேன்."

ஊன்றுகோல் சத்தம் நெருங்கியது. பெரின்பென் பார்சிக்காரி, எழுபது தாண்டியவள், வாய்க்கும் மூளைக்கும் நடுவில் கதவே வைத்துக்கொள்ளாதவள். பின்னால் குழுவின் மற்ற இரண்டு பேர், பிபின்பாய், கடைசியாகத் தருபென். தகரத்தின் ஆணித் துளை வழியே ரமிளாவுக்கு எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தார்கள்.

"யாரும்மா அந்தப்பக்கம்?"

"ரமிளா. வாசல் மாட்டிக்கிச்சு பெரின்பென். மாடி வழியா வந்துருங்க. ஹவேலிக்கு இதுதான் கிட்டத்து வழி."

"என் வயசு தெரியுமா உனக்கு?"

"உங்க வயசுல என் மாமியார் காத்தாடி நூல் பிடிச்சு நின்னாங்க."

பெரின்பென் சிரித்துவிட்டாள். பிபின்பாய் சிரிக்கவில்லை. "அது திறக்காது. சாவி ஆத்துல கிடக்கு. நானே வீசினேன்."

"எதுக்கு?"

பிபின்பாய் வானத்தைப் பார்த்தார். ரமிளா தகரத்துக்கு இந்தப்பக்கமிருந்து சொன்னாள்: "பட்டத்துக்கு."

"ஏமாத்தி அறுத்தா பெரின்பென்! அது சாதா நூலே இல்ல!"

"பருத்தி நூல்தான் பிபின்பாய். நீங்க பட்டத்தப் பாக்காம மாப்பிள்ள மூஞ்சிய பாத்துட்டு நின்னீங்க. அறுந்துச்சு. இப்ப என்ன, நான்தான் தப்புன்னு வச்சுக்கோங்க. காலுல விழணுமா, விழறேன். பூட்ட உடைக்க மட்டும் விடுங்க. நீங்க நம்ம ஹவேலிய கிரண்சேட்டுக்கு விட்டுக் குடுக்கிற ஆளு இல்ல."

கடைசி வார்த்தைகள் சரியாக வரவில்லை, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். தகரம் இருந்தது நல்லதாயிற்று.

பெரின்பென் ஊன்றுகோலால் தகரத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "கீழ டீ குடிக்கும்போது என்ன சொன்னீங்க? ‘ரெண்டு போளும் அண்ணன் தம்பி மாதிரி’. அண்ணன் தம்பிக்கு நடுவுல தகரம் எதுக்கு?"

"அது... புறா வராம இருக்க," என்றார் பிபின்பாய். புறா பறக்கும் என்பது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"சாவி இருக்கு," என்றாள் தருபென்.

அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, யார் முகத்தையும் பார்க்காமல், பூட்டைத் திறந்தாள். கீல் கிறீச்சிடவில்லை, நன்றாக எண்ணெய் போட்டிருந்தது. அது பிபின்பாயின் காதிலும் பட்டது.

"தரு... நீ எப்ப..."

"நீங்க ஒரு சாவியத்தான் வீசினீங்க. நான் வீசச் சொல்லல."

பெரின்பென் கையில் ஒரு கிண்ணம் இருந்தது. மாங்காய்த் தொக்கு, தேப்ளாவுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தது. அதை விட மனமில்லாமல் மாடி வரை தூக்கிக்கொண்டே வந்திருந்தாள். இப்போது கட்டைவிரலை நகர்த்தி, கிண்ணத்தின் விளிம்பில் வெட்டியிருந்த பெயரைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தாள்.

"ஜ. ரமிளா. ஏன் பிபின்பாய், ‘என் வீட்டுத் தொக்கு மாதிரி இந்த ஊர்லயே கிடையாது’ன்னு சொன்னீங்களே, அது இதுதானா?"

பிபின்பாய் கிண்ணத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், திறந்த கதவுக்கு நடுவில் தட்டும் கரண்டியுமாக நின்ற ரமிளாவைப் பார்த்தார். "தொக்கு அவளுதா?"

"ஆமா."

"குளிர்காலத்து ஊந்தியுக் கூட்டு?"

"அதுவும்."

"அப்ப அந்த ஹாண்ட்வோ அடை?"

"ஹாண்ட்வோ நான் பண்றது," என்றாள் தருபென். அதைப் பற்றி பிபின்பாய் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை, விவரமான மனுஷர்.

எல்லாரும் தகரக் கதவைத் தாண்டினார்கள். பிபின்பாய் தாண்டவில்லை. அங்கேயே நின்றார்.

கூரைக்குக் கூரை போபட்போள்காரர்கள் நின்று பெரின்பென்னைக் கைமாற்றி விட்டார்கள். ஒருத்தி கொடியில் கிடந்த ஈரத் துணியைச் சுருட்டி வழி விட்டாள்; ஒருவர் பல் துலக்கிக்கொண்டே கை கொடுத்தார்; ஒரு சமையலறைக்குள் நுழைந்து, பொங்கிவந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, மறுபக்கக் கதவால் வெளியேறினார்கள். பெரின்பென் முனகவே இல்லை. அவள் கண்கள் நாலா பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன.

ஹவேலியின் மாடிக்கு வந்ததும் ரமிளா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த உரையை ஆரம்பித்தாள். "எங்கள் போளின் கம்பீரமான இந்த வாசல்..." என்று தொடங்கி நிறுத்தினாள். வாசல் எங்கோ கீழே மாட்டிக்கொண்டு கிடந்தது. ஜஸ்வந்த்பாய் எழுதிக்கொடுத்த அந்த உரை வாசலில் தொடங்கி, முற்றத்துக்கு வந்து, மாடியில் முடியும். தலைகீழாக அதில் ஒரு வரிகூட வரவில்லை.

"விடு," என்றாள் பெரின்பென். "பழைய கட்டடம்னு நான் பாத்ததெல்லாம் வாசல்ல ஆரம்பிச்சு வார்னிஷ்ல முடியுது. பளபளன்னு இருக்கு, உள்ள உசுரு இல்ல. உன்னுதும் அப்படித்தானா?"

அப்போது மழை பிடித்துக்கொண்டது. சடசடவென்று. கூட வந்தவர்கள் குடையை விரித்தார்கள். ரமிளா குடைக்குள் போகவில்லை; மாடித் தரையில் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடி கண்ணுக்குத் தெரியாத சரிவில் ஒரு மூலைக்குச் சாய்ந்திருக்கும். அந்த மூலையில் ஒரு செம்பு வாய். அதில் ஒரு கல்லடைப்பு. கல்லை எடுத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, முற்றத்துக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் வருடம் முழுக்க ஒரு குடும்பத்துக்குக் குடிதண்ணீர் கொடுத்த தொட்டி. கடைசியாக எப்போது நிறைந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கோடையில்தான் உள்ளே இறங்கிச் சுண்ணாம்பு பூசினார்கள். "காரை நல்லா இறுகட்டும், அடுத்த வருஷம் தண்ணி விடலாம்" என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். கசிந்தால் எதிர்வீட்டு நிலவறை மிதக்கும். அந்த எதிர்வீடு ரமிளாவுடையது.

"உசுரு இருக்கான்னுதானே கேட்டீங்க? வாங்க."

குனிந்து கல்லைப் பிடுங்கி எறிந்தாள். மாடித் தண்ணீர் ஒரு சுழி சுழித்து உள்ளே பாய்ந்தது.

"இது முன்னால போகுது. நாம பின்னால போவோம்!"

படிகளில் இறங்கி ஓடினாள். ஐம்பத்தைந்து வயதுக்காரி ஓடுகிற ஓட்டமா அது? மூன்றாம் மாடியில் சமையலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "இங்க வச்சுப் பாருங்க. அதிருதா?" பெரின்பென் கை வைத்தாள், சுவர் அதிர்ந்தது. இரண்டாம் மாடியில், தொட்டிலும் தாமிரப் பானைகளும் இருக்கும் அறை. எந்தத் தொட்டில் யார் வீட்டுடையது என்று ரமிளா சொல்லவில்லை, நேரமில்லை. சுவரில் காதை வைத்தாள். "போய்க்கிட்டே இருக்கு!" கீழ்மாடியில் கிளித் தூண்கள். பெரின்பென் நிற்கத்தான் பார்த்தாள். "கிளி எங்கயும் போயிராது, வாங்க," என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

முற்றத்தின் நடுவில் பித்தளை மூடி. திறந்தார்கள். உள்ளே இருட்டு. போளே சுற்றி நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

ரமிளா குனிந்து இருட்டுக்குள் பார்த்தாள். குழாய் நடுவில் அடைத்திருக்கும். இல்லை, உடைந்து சுவருக்குள்ளேயே வழிகிறது. வாசல் கதவைச் சாத்தச் சொன்ன வாயும் அவளுடையதுதான், கல்லைப் பிடுங்கிய கையும் அவளுடையதுதான். யாரையும் பார்க்கப் பிடிக்காமல் மூடியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு, எங்கோ ஆழத்தில், ஒரு சொட்டு. இன்னொன்று. அப்புறம் கொட்டியது. வெற்றுத் தொட்டிக்குள் மழை விழும் ஓசை, வீட்டுக்கு அடியிலிருந்து மேலே எழுந்து, தூண்களில் ஏறி, முற்றம் முழுக்க நிறைந்தது. எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பெரின்பென் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு, மண்டியிட்டு, காதைத் தொட்டியின் வாயில் வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது. மழையாக இருக்க முடியாது. அவள் மேல்தான் குடை இருந்ததே.

"மழை வீட்டுக்குள்ள நடந்து வர்றத நான் இதுவரைக்கும் பாத்ததில்ல," என்றாள்.

ஜஸ்வந்த்பாய் எப்போது போனாரோ, நிலவறையிலிருந்து முழங்கால் அழுக்கோடு வந்தார். "ஒரு சொட்டு கசியல ரமிளா," என்றார். ஒரே ஒரு தடவை சொன்னார். போதும்.

பெரின்பென்னைத் தூக்கி நிறுத்தினார்கள். அவள் சுற்றுமுற்றும் பார்த்துத் தன் கிண்ணத்தைத் தேடினாள். கூட வந்தவர் கையில் இருந்தது. தொக்கு காலி, யார் தின்றது என்று கேட்கவேண்டாம்.

"இத யாருகிட்ட குடுக்கணும்?"

"ரமிளாபென்கிட்ட," என்றாள் தருபென். "அவளோடதுதானே."

"காலியா குடுக்கலாமா?"

"கூடாது!" போள் பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

பெரின்பென் பைக்குள் கையை விட்டாள். துணி சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்து, கிண்ணத்தில் வைத்தாள். கணீரென்றது. நீலப் பலகை, கிண்ணத்துக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஒரு கண்டிஷன். நடை ஆம்லிபோள் வாசல்ல தொடங்கும். மாடி ஏறும். கூரை கூரையா வந்து இங்க தண்ணியோட இறங்கி முடியும். அந்தத் தகரம் அங்க இருக்கக் கூடாது."

"கழட்டியாச்சு," என்றது ஒரு குரல்.

பிபின்பாய். மாடிப்படியில் நின்றிருந்தார், தொப்பலாக நனைந்து, கையில் திருப்புளியோடு. எப்போது ஆரம்பித்தார், எதற்காக ஆரம்பித்தார் என்று யாரும் கேட்கவில்லை. ரமிளாவால் முடியவில்லை, கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, போள் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல், ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். தருபென் அவளைக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக இருவரும் பார்த்துக்கொண்டது ஒரு கை நீளத்துக்குத்தான்.

முற்றத்து ஆரவாரம் வாசலுக்கு வெளியே வரை போயிருக்க வேண்டும். சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து கிரண்சேட் கத்தினார்: "என்ன சத்தம் உள்ள? கதவு திறந்துச்சா?"

"இல்ல கிரண்சேட்!" ரமிளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹவேலி அதிரக் கத்தினாள். "உங்க பட்டம் அறுந்துச்சு!"

பிபின்பாய் படியிறங்கி வந்தார். ரமிளா கக்கத்தில் இடுக்கியிருந்த பித்தளைத் தட்டையும் கரண்டியையும் வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு வருடமாக அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டவர், மாப்பிள்ளை முன்னால் விட்டதையெல்லாம் பிடித்துவிடுகிற மாதிரி, ஓங்கி அடித்தார்.

"அறுந்துச்சு!" என்றார் பிபின்பாய். "அறுந்துச்சு! அறுந்துச்சு!"